எழுதுவதும் நானே, கீறுவதும் நானே: சிறுவர் படப்புத்தகத் தொழில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒக்டோபர் வாசிப்பு மாதம் வந்தால் திருகோணமலையில் பாடசாலைகளும் நூலகங்களும் முன்பள்ளிகளும் என்னைக் கூப்பிடும். சிறுவர் படப்புத்தகங்களை நானே எழுதி நானே படமும் கீறுவதால், கதை சொல்லி முடித்த கையோடு கேள்விகள் வரும். பிள்ளைகள் கேட்பது ஒரு விதம். தாய்மார் கேட்பது வேறு. உயர்தரத்தில் சித்திரம் எடுத்த பிள்ளைகள் கேட்பது இன்னொரு விதம். திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கதைப்புத்தகத்தில் படம் போட்டால் அது படப்புத்தகம்தானே?

இல்லை. கதைப்புத்தகத்தில் படங்களை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். படப்புத்தகத்தில் படத்தை எடுத்தால் கதை விழுந்துவிடும்.

ஒரு உதாரணம். "மான்குட்டிக்குப் பசித்தது" என்று ஒரு வரி. திருகோணமலை நகரத்துக்குள் புள்ளிமான்கள் திரிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்த வரிக்குப் புல் மேயும் மானைக் கீறினால், வரி சொன்னதையே படமும் சொல்கிறது. பிள்ளை ஒருமுறை பார்க்கும், பக்கத்தைப் புரட்டிவிடும். அதற்குப் பதிலாக, பழக்கடைக்குப் பின்னால் குட்டி கழுத்தை நீட்டுகிறது, பொலித்தீன் பைக்குள் ஒரு அன்னாசித் தோல் தெரிகிறது, தாய் மான் தூரத்தில் தலையைத் தூக்கி நிற்கிறது என்று கீறிப் பாருங்கள். வரியில் பசி மட்டும்தான் இருக்கிறது. ஆபத்து படத்தில் இருக்கிறது. வாசிக்கத் தெரியாத பிள்ளை அந்த ஆபத்தைத் தானே கண்டுபிடித்து, வாசித்துக்கொண்டிருக்கும் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தும். படப்புத்தகம் உயிர் பெறுவது அங்கேதான்.

நம் நூலகங்களில் இருக்கும் தமிழ்ச் சிறுவர் நூல்கள் பலவற்றில் படம் எழுத்தைத் திருப்பிச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. எனக்கு இதில் கவலை அதிகம். எழுதுகிறவரும் கீறுகிறவரும் ஒருவரோடொருவர் கதைக்காமலே புத்தகம் அச்சுக்குப் போவதுதான் பெரும்பாலும் காரணம்.

கதை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

500 சொல்லுக்குள் அடங்கினால் நல்லது. படம் சொல்லக்கூடியதை எழுத்திலிருந்து வெட்டிக்கொண்டே போங்கள். "சிவப்புச் சட்டை போட்ட" என்று எழுதத் தேவையில்லை, சட்டையைச் சிவப்பாகக் கீறினால் போதும்.

ஏன் எல்லாப் படப்புத்தகமும் 32 பக்கமாகவே இருக்கிறது?

அச்சகத்தின் கணக்கு அது. பெரிய தாளின் ஒரு பக்கத்தில் 8, மறுபக்கத்தில் 8 என்று அச்சடித்து மடித்தால் 16 பக்கம் வரும். அப்படி இரண்டு சேர்ந்தால் 32. பக்க எண்ணிக்கையை நினைத்தபடி 27 என்றோ 29 என்றோ வைத்தால் தாள் வீணாகும், செலவு ஏறும். 32 இல் தலைப்புப் பக்கம், பதிப்பு விபரம் என்று சில பக்கங்கள் போய்விடும். மிச்சம் இருப்பவை ஏறக்குறைய 14 விரிபக்கங்கள். அதாவது புத்தகத்தை விரித்தால் இடமும் வலமும் சேர்ந்து தெரியும் காட்சிகள். உங்கள் முழுக் கதையும் அந்த 14 காட்சிக்குள் நடந்து முடிய வேண்டும். சிறிய அச்சகங்களில் நடுவில் கம்பிப் பின் அடித்த 16 பக்கப் புத்தகமும் செய்யலாம், முதல் முயற்சிக்கு அது போதும்.

வேலையை எங்கே தொடங்குவீர்கள்? எழுத்திலா, படத்திலா?

மடித்த கடதாசியில். எட்டு ஏ4 தாளை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்துப் பின் அடித்தால் 32 பக்கக் கொப்பி கிடைக்கும். அதில் பென்சிலால் குச்சி மனிதர்களைப் போட்டு முழுப் புத்தகத்தையும் கீறிப் பார்ப்பேன். அழகாக இருக்கத் தேவையில்லை. எந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது, எங்கே புரட்டத் தோன்றுகிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

இந்தக் கொப்பியின் அருமையைக் கரைவலையை வைத்துச் சொல்கிறேன். திருக்கடலூர்ப் பக்கமோ உப்புவெளி, நிலாவெளிப் பக்கமோ விடியப் போனால் வலை இழுப்பதைப் பார்க்கலாம். வலையின் இரண்டு கயிறும் கரையில் தள்ளித் தள்ளி இருக்கும். ஒவ்வொரு கயிற்றையும் ஒரு கூட்டம் இழுக்கும். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கி வரும். கடைசியில் மீன் நிறைந்த மடி, அதாவது வலையின் பை, கரைக்கு வரும்.

இதை ஒரே படமாகக் கீறினால் ஒரு நாட்காட்டிப் படம் கிடைக்கும். விரிபக்கங்களில் பிரித்தால் கதை கிடைக்கும். முதல் விரிபக்கத்தில் ஒரு கூட்டம் இடது ஓரத்தில், மற்றது வலது ஓரத்தில், நடுவில் வெறும் கடல். அடுத்ததில் இரண்டும் கொஞ்சம் உள்ளே. அதற்கடுத்ததில் இன்னும் உள்ளே, கயிறு இறுகுகிறது, கால்கள் மணலில் புதைகின்றன. எழுத்தில் இழுவைப் பாட்டின் ஓசை மட்டும். கடைசியில் இரண்டு கூட்டமும் புத்தகத்தின் நடு மடிப்பில் சந்திக்க, மடி அங்கேயே திறக்கிறது. படம் கீறுகிறவர்கள் எல்லோரும் பயப்படும் இடம் அந்த நடு மடிப்பு. முகத்தை அங்கே வைத்தால் மூக்கு மடிப்புக்குள் போய்விடும். ஆனால் இந்தக் கதையில் அதே மடிப்புத்தான் கரை. தனித்தனித் தாளில் கீறிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. மடித்த கொப்பியைப் புரட்டும்போதுதான் படும்.

"அக்கா, எனக்கு நல்லாக் கீற வரும். கதை எழுத வராது. என்ன செய்யிறது?"

தம்பி, தங்கச்சி, இரண்டும் ஒருவருக்கே வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எழுதுகிறவர் ஒருவர், கீறுகிறவர் ஒருவர் என்று வந்த நல்ல புத்தகங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. ஆனால் எழுத வராது என்று முடிவு கட்டுவதற்கு முன் எழுத்தே இல்லாத ஒரு புத்தகம் செய்து பாருங்கள். ஒரு ஆள், அவருக்கு ஒரு தேவை, அதற்கு ஒரு தடை. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் சூடு வேறு. குளிக்கப் பயப்படும் ஒரு சின்னப் பிள்ளையைத் தாத்தா அங்கே கூட்டிப் போகிறார். எந்தக் கிணற்றில் பயம் போகும்? எந்தக் கிணற்றிலிருந்து பாய்ந்து ஓடும்? ஒரு சொல்லும் எழுதாமல் அதைக் கீறிவிட்டால், நீங்கள் கதை எழுதியாயிற்று.

இலங்கையில் இதை வாழ்நாள் தொழிலாகச் செய்தவர் யாராவது இருக்கிறார்களா?

இருந்தார். சிபில் வெத்தசிங்க. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளைக்கும் அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

1927 இல் காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் பிறந்தார். சின்ன வயதிலேயே குடும்பம் கொழும்புக்கு வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கிராமத்தின் ஒழுங்கைகளும் மனிதர்களும் கடைசிவரை அவர் படங்களில் இருந்தார்கள். ஓவியக் கல்லூரியில் படித்தவர் அல்லர். பதின்ம வயதில் பாடசாலை வாசிப்பு நூலுக்குப் படம் கீறினார். பிறகு பத்திரிகைகளில் வருடக்கணக்காக வேலை செய்தார். 1956 இல் ‘குட ஹொரா’ (குடைக் கள்ளன்) என்ற சிங்களப் புத்தகம் வந்தது. எழுத்தும் அவரே, படமும் அவரே.

கதை இதுதான். குடையையே கண்டிராத ஒரு கிராமம். கிரி மாமா பட்டணத்துக்குப் போய்க் குடை வாங்கி வருகிறார். ஊர் திரும்பும் வழியில் கோப்பிக் கடையில் கோப்பி குடித்துவிட்டுப் பார்த்தால் குடையைக் காணவில்லை. திரும்பவும் வாங்குகிறார், திரும்பவும் காணாமற் போகிறது. கடைசியில் கடதாசியைத் துண்டு துண்டாகக் கிழித்துக் குடைக்குள் போட்டு வைக்கிறார். விழுந்து கிடக்கும் துண்டுகளைப் பின்தொடர்ந்து போனால், களவு போன குடைகள் எல்லாம் ஒரு மரத்தில் தொங்குகின்றன. கள்ளன் ஒரு குரங்கு.

இந்தக் கதை எவ்வளவு தூரம் கண்ணுக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். துப்பு கடதாசித் துண்டு, அதைக் காதால் கேட்பதைவிடக் கண்ணால் தேடுவதுதான் சுகம். விடை ஒரு மரம் நிறையக் குடை, அதைச் சொல்வதைவிடக் காட்டுவதுதான் வேகம். எழுதியவரும் கீறியவரும் ஒருவராக இருப்பதன் பலன் இதில் தெரிகிறது.

இந்தப் புத்தகத்துக்கு ஜப்பானில் விருது கிடைத்தது 1986 இல். புத்தகம் வந்து 30 வருடம் கழித்து. இடைப்பட்ட காலமெல்லாம் அவர் கீறிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார், விருதுக்காகக் காத்திருக்கவில்லை. 2020 இல் தன் 92 ஆவது வயதில் காலமானார். அதே வருடம் அவருடைய ஒரு புத்தகம் உலக சாதனையாகப் பதிவானது. கதையின் முடிவைப் பிள்ளைகளிடமே விட்டு, அவர்கள் எழுதியனுப்பிய முடிவுகளில் 1,250 ஐச் சேர்த்து வெளியிட்ட புத்தகம் அது.

தமிழில் இப்படி ஒரு நீண்ட வாழ்நாள் வேலை இன்னும் நமக்குத் தேவை. நான் இதை முழு மனதோடு சொல்கிறேன்.

இதற்கு என்ன படிக்க வேண்டும்?

சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் சித்திரம் எடுக்கலாம். அதற்குப் பிறகு தமிழில் படிக்க மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் கற்கைநெறியும் இருக்கின்றன. பட்டம் உதவும், ஆசிரியர் நியமனத்துக்கு வழி திறக்கும். ஆனால் பதிப்பாளர் உங்களிடம் சான்றிதழ் கேட்கமாட்டார். ஒரே பாத்திரத்தைப் பத்து நிலையில் கீறிய தாள்களைக் கேட்பார். ஓடும்போதும் அழும்போதும் முதுகு காட்டி நிற்கும்போதும் அது அதே பிள்ளையாகத் தெரிய வேண்டும். பாடத்தில் அதிகம் பழக்காதது இதுதான், எனவே வீட்டில் பழகுங்கள்.

"மகன் இந்த வருசம் புலமைப்பரிசில். எந்த நேரமும் கொப்பியில கீறிக்கொண்டு இருக்கிறான். மறிக்கிறதா, விடுறதா ரீச்சர்?"

விடுங்கள் அம்மா. கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கீறுகிறான் என்றால் அவனுக்கென்று தனியாக ஒரு வெறுங்கொப்பி வாங்கிக் கொடுங்கள். கீறியதைப் பார்த்து "வடிவா இருக்கு" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். "இந்த ஆள் எங்க போறார்? இதுக்குப் பிறகு என்ன நடக்குது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தொடங்கினால் அவன் கட்டுரைக்கும் பழகிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். பரீட்சை ஒரு காலை நேரத்தில் முடிந்துவிடும், கீறுகிற கை அதற்குப் பிறகும் அவனிடம் இருக்கும்.

கடலின் நீலம் புத்தகத்தில் ஏன் மங்கலாக வருகிறது?

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நின்று கீழே பார்த்தால் தெரிகிற நீலத்தை எத்தனையோ பேர் கீறுகிறார்கள். தொலைபேசித் திரையில் பிரகாசமாக இருக்கும், அச்சில் செத்துப்போய் வரும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சகம் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையால் காட்டுகிறது. ஒளியால் காட்டக்கூடிய சில நீலங்களும் பச்சைகளும் அந்த நான்கு மைக்குள் அடங்கவே மாட்டா. கணினியில் கீறுகிறவர்கள் ஆரம்பத்திலேயே நான்கு நிற முறைக்கு மாற்றி வைத்துக்கொண்டு கீற வேண்டும். முழுப் புத்தகத்தையும் அடிக்க முன் ஒரு பக்கத்தை மாதிரி அச்செடுத்துப் பாருங்கள்.

ஒரு உபாயமும் சொல்கிறேன். நீலத்தைக் கூட்டிக்கொண்டே போகாமல், பக்கத்தில் இருக்கும் மணலையும் பாறையையும் சூடான காவியாக வையுங்கள். அதே நீலம் இன்னும் நீலமாகத் தெரியும்.

மற்றவை சுருக்கமாக: ஸ்கேன் செய்வது 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு) குறையக் கூடாது. வெட்டும் ஓரத்துக்கு வெளியே 3 மில்லிமீற்றர் நிறம் நீண்டிருக்க வேண்டும். எழுத்து வரும் இடத்தைக் கீறும்போதே வெறுமையாக விட வேண்டும். ஒரே புத்தகத்தில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் வருவதாக இருந்தால் அந்த வெறும் இடத்தைத் தமிழை வைத்து அளவெடுங்கள். நம் சொற்கள் நீளமானவை.

"எங்கட கிண்ணியாப் பிள்ளைகள் இந்தப் புத்தகங்களில இல்லையே?" (முஸ்லிம்கள் அதிகம் வாழும் கிண்ணியாவின் முன்பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டது)

நியாயமான கேள்வி. திருகோணமலை மாவட்டத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். புத்தகத்தில் மட்டும் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி உடுப்பு, ஒரே மாதிரிப் பெயர். பல பிள்ளைகள் தங்களைப் புத்தகத்தில் காணாமலே வளர்கிறார்கள்.

ஒரு முஸ்லிம் பிள்ளையைக் கீறுவதென்றால் தொப்பி ஒன்றை வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பது சரியல்ல. கிண்ணியாவில் ஒரு உம்மம்மாவிடம் பழைய காலத்துப் பாதைப் பயணத்தைப் பற்றிக் கேளுங்கள். பாதை என்றால் வாகனங்களையும் ஆட்களையும் தண்ணீரில் ஏற்றிப் போகும் மிதவை. 2009 இல் பாலம் திறக்கும் வரை வாகனங்களும் ஆட்களும் பாதையில் ஏறித்தான் அக்கரைக்குப் போனார்கள். அது வரும்வரை வெயிலில் காத்து நின்றதும், அவசர நோயாளியோடு தவித்ததும் அவர்கள் சொல்லச் சொல்லப் படம் தானாக வரும். பெருநாள் வருகிறது, மருதாணி வாங்க அக்கரைக்குப் போக வேண்டும், பாதை இன்னும் வரவில்லை. ஒரு படப்புத்தகத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. கீறி முடித்ததும் அந்த உம்மம்மாவிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள், திருத்தம் சொல்வார்.

யார் வெளியிடுவார்கள்? நானே அடிக்கலாமா?

இலங்கையில் ரூம் டு ரீட் போன்ற நிறுவனங்கள் தமிழிலும் சிறுவர் நூல்கள் செய்கின்றன. சென்னையில் தூலிகா, தாரா போன்ற பதிப்பகங்கள் படப்புத்தகத்தையே முதன்மையாகச் செய்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் உரிமம் திறந்த (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்ட) கதைகளைத் தமிழில் வாசித்துப் பார்க்கலாம், கைபழக நல்ல இடம்.

நம்மிடம் அதிகம் நடப்பது சொந்தச் செலவில் அடிப்பதுதான். வெளியீட்டு விழா வைத்து, முதற்பிரதி கொடுத்து, வந்தவர்கள் வாங்கியதில் அச்சகக் கடனைக் கட்டுவார்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பீற்றர் என்ற முயலின் கதையைப் பதிப்பாளர்கள் ஏற்காதபோது பியட்ரிக்ஸ் பொட்டர் 1901 இல் தன் காசில் 250 பிரதிதான் அடித்தார். அடுத்த வருடம் பதிப்பகம் ஒன்றே அதை எடுத்து வெளியிட்டது.

சர்வதேச தராதர நூல் எண்ணை (ISBN) கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் பெற வேண்டும். இலங்கை நூல்களின் எண் 978 க்குப் பிறகு 955 அல்லது 624 என்று வரும். நூல் வெளியிடுவதற்கான உதவித் திட்டமும் அந்தச் சபையிடம் உண்டு, விசாரியுங்கள்.

விருதுகள் பற்றி?

உள்ளூரில் அரச இலக்கிய விருதுகளில் தமிழ்ச் சிறுவர் இலக்கியத்துக்கு இடம் உண்டு. கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் மாகாண எழுத்தாளர்களின் நூல்களுக்கு விருது கொடுக்கிறது. விண்ணப்பம் கேட்கும் காலத்தைப் பத்திரிகையில் கவனியுங்கள்.

உலக அளவில் பெரியது ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் விருது. எழுத்தாளருக்கு 1956 முதல், ஓவியருக்கு 1966 முதல், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள். ஒரு புத்தகத்துக்காக அல்ல, முழு வாழ்நாள் வேலைக்காகக் கொடுப்பது. சிலோவாக்கியாவில் பிராட்டிஸ்லாவா ஓவியக் கண்காட்சி 1967 முதல் சிறுவர் நூல் ஓவியங்களுக்காகவே நடக்கிறது.

என்னைக் கேட்டால், உள்ளூர் விருதுகளில் எழுத்துக்கு ஒரு பரிசு, படத்துக்கு ஒரு பரிசு என்று இரண்டையும் பார்க்க வேண்டும். எழுத்தை மட்டும் வாசித்துச் சிறந்த சிறுவர் நூலைத் தெரிவு செய்தால் படப்புத்தகம் ஒருநாளும் முன்னுக்கு வராது.

இதில் சீவிக்கலாமா?

புத்தகத்தில் மட்டும் என்றால் கடினம். இங்கே ஓவியருக்குப் பெரும்பாலும் ஒரே தடவையில் ஒரு தொகை கொடுத்து முடித்துவிடுவார்கள். பாடத்துணை நூல், சுகாதாரச் சுவரொட்டி, முன்பள்ளிச் சுவர், தனியார் வகுப்பு என்று மற்ற வேலைகளோடு சேர்த்துத்தான் ஓட வேண்டும்.

ஆனால் ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் கீறிய படத்தின் உரிமை கீறிய நேரத்திலிருந்தே உங்களுடையது. பதிய வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் காலத்துக்குப் பிறகு 70 வருடம் வரை அது நீடிக்கும். காசு வாங்கும்போது எதை விற்கிறீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்: ஒரு பதிப்புக்கு மட்டுமா, எல்லாப் பதிப்புக்குமா, மூலப் படம் யாரிடம் இருக்கும். இரண்டு வரிக் கடிதமும் போதும்.

"அன்ரி, ஏன் உங்கட மான் நீலம்?"

பொழுதுபட்ட பிறகு கோட்டை வாசலில் போய் நின்று பாருங்கோ செல்லம். பிறகு வந்து எனக்குச் சொல்லுங்கோ, அது என்ன நிறம் என்று.

என் புத்தகம் நல்லதா என்று யாரிடம் காட்டிக் கேட்பது?

முகநூலில் போட்டால் விருப்பக் குறி விழும், பிழை தெரியாது. மடித்த பென்சில் கொப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்து முன்பள்ளிக்குப் போங்கள். பொறுப்பான ரீச்சரிடம் அனுமதி கேளுங்கள். நான்கு வயதுப் பிள்ளைகள் ஐந்தாறு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள், எழுதியிருப்பதை மட்டும் வாசியுங்கள். எந்தப் பக்கத்தில் பிள்ளை விரலை நீட்டுகிறது, எந்தப் பக்கத்தில் பக்கத்துப் பிள்ளையின் சப்பாத்தைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். சப்பாத்தைப் பார்த்த பக்கத்தின் மூலையில் பென்சிலால் குறி போட்டுக்கொண்டு வந்து, அந்தப் பக்கங்களை மட்டும் திரும்பக் கீறுங்கள். அதற்குப் பிறகு நிறம் தீட்டத் தொடங்கலாம்.